ஒரு ஜன்னல் காலி

நீங்களே சொல்லுங்க, பெற்ற அப்பா எதிரில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்து ஊதி ஊதி நீட்டிக்கொண்டிருக்கும்போது, அவரை விட்டுவிட்டு மேஜையில் கிடக்கிற போனுக்கு ஒரு வாய் ஊட்டுகிற பிள்ளையை என்ன செய்வது? அடிக்கவா முடியும். சிரிக்கத்தான் முடியும். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, அவர் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது, அந்தத் துண்டுத் தோசையை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார், மென்றார், நல்லா இருக்கு என்றார், யாரும் கேட்கவில்லை. போன் கண்ணாடி முழுக்கச் சட்னி. என் பையில் ஈரத்துணி எப்போதும் இருக்கும், எடுத்து அப்பாவைத் துடைத்தேன். பாருங்க, எனக்கே அப்படித்தான் வாயில் வருகிறது. என் மகள் தன்ஷிகாவுக்கு அப்பா என்றால் இதுதான், கையளவு, கறுப்பு, ஓரத்தில் ஒரு கீறல், சார்ஜில் போட்டால் கொஞ்சம் சூடாக இருக்கும். அவள் மேல் தப்பு இல்லை, எங்கள் மேல்தான். இவள் என் வயிற்றில் இருக்கும்போதே அவர் மலேசியாவுக்கு விமானம் ஏறிவிட்டார், இன்னும் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. புருஷன் பேரைச் சொல்லாத ஊர் எங்களுடையது, போன் அடித்தால் அத்தை 'அப்பா கூப்பிடுறாரு, ஓடு' என்பார், கை தவறினால் 'அப்பாவைக் கீழ போட்டுட்டியேடி' என்பார், நானும் என் பங்குக்கு அப்பாவுக்குச் சார்ஜ் இல்லை, அப்பாவுக்கு டவர் கிடைக்கவில்லை, அப்பாவைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறேன், அதைச் சொல்லி நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தும் இருக்கிறோம். பிள்ளை நம்பிவிட்டது. நம்பாமல் என்ன செய்யும், பிள்ளைதானே. இன்றைக்கு மூன்று மணிக்கு எங்களுக்குக் கோலாலம்பூருக்கு பஸ், அங்கிருந்து விமானம், ஊர். அதற்குள் ஒரே ஒரு தடவை, போனைப் பார்த்து இல்லை, இந்த மனுஷரைப் பார்த்து, அப்பா என்று ஒரு சொல். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம், செண்ட் பாட்டில் வேண்டாம், கம்பளி வேண்டாம், அத்தைக்குத் தைலம்கூட வாங்கியாகிவிட்டது.

கடை என்றால் பெரிய கடை இல்லை. இந்த ஈப்போவில் இதை ஒட்டுக்கடை என்கிறார்கள், பூட்டிக் கிடக்கிற ஒரு சீனர் கடையின் பக்கச் சுவரை ஒட்டித் தகரத்தை இறக்கி நாலு மேஜை போட்டிருக்கிறது. கல்லுக்கு முன்னால் நிற்கிற பத்மா அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் அம்மா, யார் வந்தாலும் முதல் கேள்வி பசியாறிட்டீங்களா என்பதுதான். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது, எங்கள் பக்கம் சாப்டியா என்று கேட்டால் ஆமாம் என்கிற பதிலோடு சேர்த்தே கேட்டுவிடுவார்கள், இது அப்படி இல்லை, காய்ச்சல் விட்டுதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தோசை நம்ம தோசைதான், சாம்பாரில் உருளைக்கிழங்கு தூக்கலாகக் கிடக்கிறது, சட்னியில் இன்னும் ஒரு மிளகாய் கிள்ளிப் போட்டிருக்கலாம், தேத்தண்ணியைக் கைக்கும் கைக்கும் கயிறு மாதிரி இழுத்து ஆற்றுவதை மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் இந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி மாஸ்டர், ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா வீசிக்கொண்டிருந்த அதே கை. நாங்கள் வந்ததிலிருந்து வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் எங்களைக் கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைக்கிறார், பச்சைப் புழு மாதிரி நெளிகிற செண்டோல், வாழையிலையில் சுருட்டின நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, கரிச் சட்டியில் தீ எழும்பக் கிளறுகிற கொய்த்தியாவ் நூடுல்ஸ், எல்லாவற்றையும் முதலில் பிள்ளை பக்கம்தான் நகர்த்துவார், பிள்ளை என் பக்கம் நகர்த்தும், நான்தான் தின்று தீர்க்கிறேன், ரவிக்கை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பத்மா அக்கா தோசைக் கரண்டியோடு வந்து அவரிடம், என்னா பூமி, மகள் இன்னும் உங்க பக்கம் வரலையா, கடையில அத்தனை பேரை ரொட்டியைக் காட்டியே இழுக்கிற ஆளு, ஒரு சின்னப் பிள்ளையை இழுக்க முடியலையா என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா கிண்டலுக்குத்தான் கேட்டார். அவரும் வருவாக்கா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கழுத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையில் மிச்சத்தை மடித்து வைத்துக்கொண்டேன், பஸ்ஸில் பிள்ளை கேட்கும்.

நேற்றுச் சாயங்காலம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார், முதலாளி கேட்டிருக்கிறாராம், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, இல்லை இந்தத் தடவை ஊருக்குப் போகிறாயா, திங்கட்கிழமை சொல்லவேண்டுமாம். நாளைக்குத் திங்கட்கிழமை. போகிறேன் என்று சொல்லத்தான் இருந்தாராம், ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கமே சின்னதாக ஒரு கடை, ஓரத்தில் நான் நின்று சால்னா ஊற்றுகிற மாதிரிகூட நினைத்து வைத்திருந்தாராம். அதற்குப் பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அவளுக்கு நான் இல்லேன்னு என்ன கொறைஞ்சிருச்சு ஈஸ்வரி? அவ அப்பன்தான் போன்ல இருக்கானே. நான் அங்க வந்து யாரோ ஒருத்தனா உக்காந்திருக்கதுக்கு இங்கயே இருந்திரலாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கோபமாகப் பேசியிருப்பேன். மடிப்புக் கலையாமல் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். அப்போதிருந்து எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, பெட்டியைக் கட்டிப் பிரித்துக் கட்டியாகிவிட்டது, அவர் வீட்டில் மற்ற அறைகளில் தங்கியிருக்கிற பையன்களின் எண்ணெய்ப் பிசுக்கு அடுப்பையெல்லாம் தேய்த்துக் கழுவியாகிவிட்டது, இங்கே வந்து உட்கார்ந்தும் மேஜைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. பேசாமல் பிள்ளையின் காதில் சொல்லிக்கொடுத்துவிடலாமா, அப்பான்னு கூப்பிடு, சாக்லேட் தருகிறேன் என்று. கூப்பிடுவாள். சாக்லேட்டுக்கு என் பிள்ளை யாரையும் கூப்பிடுவாள். அது அவருக்குத் தெரிந்துவிடும், மாவு பதம் தப்பினால் விரலில் தெரிந்துகொள்கிற ஆள், இது தெரியாதா. வேண்டாம். தானாக வரட்டும் என்று நினைத்தேன், எப்போது, மூன்று மணிக்கு பஸ், தானாக எப்போது.

விமான நிலையத்தில் முதல் நாள் பலூனோடு நின்றார், வெள்ளைச் சட்டை, தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்குக்கூட அப்படி வாரியதில்லை. இவள் என் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். போட்டும் போட்டும், கூச்சம் என்று அவரே சொன்னார். ஒளிந்தவள் என் பையைத் துழாவிப் போனை எடுத்தாள், எடுத்து, அம்மா, அப்பாவைப் போடு, நான் ஏரோப்பிளேன்ல வந்தத அப்பாகிட்டச் சொல்லணும் என்றாள். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், பலூன் மேலே ஆடிக்கொண்டு கிடந்தது. பிறகு அவர் ஒரு காரியம் செய்தார், நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன், பலூனை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எனக்கு வீடியோ கால் போட்டார். தூணுக்கு இந்தப் பக்கம் இவள் மேகத்துக்கு மேலே போனதை, ஜூஸ் கொடுத்ததை, காது அடைத்ததை எல்லாம் சொல்கிறாள், அந்தப் பக்கம் அவர் அப்படியா தங்கம், அப்படியா தங்கம் என்கிறார், அந்தக் குரல் போனிலும் கேட்கிறது, தூணுக்குப் பின்னாலிருந்தும் கேட்கிறது, இவள் ஒரு தடவை தூணைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் போனையே கட்டிக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் போனில் அவர் படத்தை எடுத்து அவர் கன்னத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக் காட்டினேன், பாரு, அதே மூக்கு, அதே மீசை, பாருடி. நன்றாகப் பார்த்தாள், வியாபாரி காய்கறியைப் பார்க்கிற மாதிரி, பார்த்துவிட்டு இது அப்பா, இது மாமா என்று பிரித்து வைத்துவிட்டாள். மாமா. அதற்கும் நான்தான் காரணம். அவர் எனக்கு அத்தை மகன், சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிட்டு வாய் பழகியிருக்கிறது. அத்தை பக்கத்தில் இருக்கிறபோது போனில் கூச்சத்துக்கு என்னங்க, தன்ஷி அப்பா என்பேன், இங்கே யார் இருக்கிறார்கள், வந்து இறங்கின நிமிஷத்திலிருந்து மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டேன், எத்தனை நாள் தேக்கி வைத்த மாமா. பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது நான் வாயை மூடிக்கொண்டு இங்க பாருங்க, அங்க பாருங்க என்று என்னென்னவோ சொல்லிப் பார்க்கிறேன், அவருக்கு அதுவும் சங்கடமாக இருக்கிறது, நீயும் மாமாவை விட்டுட்டியா என்று ஒருநாள் கேட்டுவிட்டார். நான் என்னதான் செய்வேன், கூப்பிட்டாலும் தப்பு, கூப்பிடாவிட்டாலும் தப்பு.

பசியாறிவிட்டுச் சந்துகளுக்குள் நடக்கிறோம். மழை பெய்து ஓய்ந்த வாசனை, சாக்கடை வாசனை, எங்கேயோ காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை, அதற்குள் ஊதுபத்தி. இந்த ஊர்க்காரர்களுக்குச் சுவர் சும்மா இருந்தால் ஆகாது போலிருக்கிறது. மாடி உயரத்துக்கு ஒரு மீன்காரம்மாவை வரைந்திருக்கிறார்கள், அந்த அம்மா கையிலிருக்கிற தராசு மட்டும் நிஜத் தராசு, காற்றில் கிரீச் என்கிறது. ஒரு பூனை, அதன் வால் நிஜத் தண்ணீர்க் குழாய், நுனியில் சொட்டுகிறது. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் கரண்டியும் முள்கரண்டியுமாகப் பற்றவைத்து ஆள் உயரத்துக்கு ஒரு சேவல், கொண்டை மட்டும் சிவப்பு பிளாஸ்டிக் தட்டு, எத்தனை கரண்டி வீணாய்ப் போச்சு என்றேன் நான், அவர் சிரித்தார், பிறகு ஏதோ ஞாபகமாகப் போனைப் பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்து டவுன் ரவுண்டானாவிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள், சிமெண்டில் பெரிய மல்லிகை மொட்டு, வெள்ளை அடித்த நாளிலிருந்து அது எல்லாருக்கும் பூண்டுதான், பூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் வா என்றுதான் போனில் சொல்வார்கள், மந்திரி திறந்த மொட்டு. ஆஸ்பத்திரி தோட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு ஒரு பென்குயின் குப்பைத்தொட்டி உண்டு, இவள் தன் பிஸ்கட்டை அதற்கு ஊட்டிவிட்டு இறக்கையைப் பிடித்துக் கைகுலுக்கிவிட்டுத்தான் ஊசி போட்டுக்கொள்ளவே வருவாள். இங்கேயும் அப்படித்தான், மீன்காரம்மாவுக்கு ஹலோ, பூனைக்கு முத்தம், சுவரில் சைக்கிளை மிதிக்கிற தாத்தாவுக்கு டாட்டா, சுண்ணாம்பு ஒட்டின உதட்டோடு திரும்பி வருகிறாள். அவர் அதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்தார். "செவுத்துல இருக்கிறவுகளுக்கெல்லாம் முத்தம் குடுக்குறா. என்னைய இந்தச் செவுத்துல வரைஞ்சு விட்டிருந்தாக்கூட எனக்கும் ஒண்ணு கெடைச்சிருக்கும்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். வேடிக்கையாகச் சொல்கிறபோது அவர் இடது கை பான்ட் பாக்கெட்டுக்குள் போய்விடும், அது எனக்குத் தெரியும், இப்போதும் உள்ளேதான் இருக்கிறது.

முன்னால் நடக்கிறார். முதுகு. போனில் இருக்கிறவருக்கு முதுகு கிடையாது, நீங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா, முகம், கொஞ்சம் கழுத்து, சட்டைக் காலர், அவ்வளவுதான். நான் வந்து இறங்கிய அன்றைக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தபோது ஒரு நொடி எனக்கே யாரோ என்று இருந்தது, முதுகு அகலித்திருக்கிறது, வலது தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, மாவு வீசி வீசி. பிள்ளையை மட்டும் சொல்லி என்ன புண்ணியம். போனில் நான் எவ்வளவு பேசுவேன், ஆடு போட்ட குட்டி வரைக்கும் பேசுவேன், அழுவேன், சண்டை போட்டு வைத்துவிட்டுத் திரும்ப நானே அடிப்பேன். இங்கே எதிரில் உட்கார்ந்தால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது, என்ன சாப்பிடலாம், துணி காய்ந்ததா, அவ்வளவுதான், அவர் தண்ணீர் குடிக்கிற சத்தம், அவர் செருமுகிற சத்தம், பக்கத்தில் படுத்திருக்கிறவர் உடம்புச் சூடு, எல்லாம் ஏதோ அதிகப்படியாக இருக்கிறது, சில சமயம் அவர் வேலைக்குப் போன பிறகு அவர் போனில் கூப்பிட மாட்டாரா என்று இருந்தது எனக்கு. வெட்கமாக இருக்கிறது சொல்ல. கூப்பிட்டால் சந்தோஷமாகப் பேசினேன். பிள்ளைக்குச் சொல்கிறேனே, போனை விடு மனுஷனைப் பார் என்று, எனக்கு யார் சொல்வது.

சந்து முனையில் சீனர் கடையில் லக்சா வாங்கித் தந்தார், புளிப்பு மீன் குழம்பில் சேமியாவைத் தடிமனாகப் போட்ட மாதிரி, மேலே புதினா, அன்னாசித் துண்டு, முதல் வாய்க்கு முகம் சுளிக்கிறது, இரண்டாவது வாய்க்குக் கை நிற்கவில்லை, ஊரில் போய் இதைச் செய்து பார்க்கவேண்டும், அன்னாசிக்குப் பதில் மாங்காய் போடலாமா. பிள்ளைக்கு ஒரு தம்ளர் மைலோ. அவர் சாப்பிடுமுன் கிண்ணத்தைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்தார். என் பையில் டிங் என்றது. தன்ஷிகா துள்ளினாள், அப்பா, அம்மா, அப்பா. எடுத்துப் பார்த்தேன். எனக்கு எதிரில் ஆவி பறக்கிற அதே லக்சா, கீழே எழுதியிருக்கிறது, சாப்பிட்டியா. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையில் போனோடு, திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே இருந்தோம், பக்கத்து மேஜைச் சீனப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றபோது அவருக்குக் கண் ஓரம் ஈரமாக இருந்தது, காரம் என்றார், அதில் காரமே இல்லை. இரண்டு வருஷம் கழித்து வருவார் என்று வையுங்கள். இவளுக்கு அப்போது எல்லாம் புரிந்திருக்கும். அப்பா என்று கட்டாயம் கூப்பிடுவாள். வாத்தியார் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிற மாதிரி, சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒரு குறையும் சொல்ல முடியாத மாதிரி கூப்பிடுவாள். எனக்கு அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, கூப்பிடாமல் இருப்பதைவிட அந்தக் கூப்பிடுதல். அவரும் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வார், ஒரு வீட்டில் மூன்று பேரும் மரியாதையாக இருந்துவிட்டுப் போவோம். அட, என்ன நினைப்பு இது, மைலோவைச் சிந்துகிறாள் பாரு, கையைத் துடை, வாயைத் துடை, எழுந்திரு. மணி என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

கடைசிச் சுவர் என்று அவர் கூட்டிக்கொண்டு வந்தது ஒரு பஸ். பூட்டின பழைய கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க ஒரு டவுன் பஸ்ஸை வரைந்திருக்கிறார்கள், நீலமும் வெளுத்த மஞ்சளும், சக்கரத்தில் சேறு தெறித்ததைக்கூட விடவில்லை. ஜன்னல் ஜன்னலாக ஆட்கள், குடையை மடியில் வைத்த ஒரு சீனத்து அம்மா, கோழியை அணைத்துக்கொண்டு ஒரு மலாய்க்காரர், காதில் பென்சில் செருகித் தூங்குகிற ஒரு தமிழ் ஆள், எல்லாம் வர்ணம். ஒரு ஜன்னல் மட்டும் காலி. அது வர்ணம் இல்லை, அந்தக் கட்டடத்தின் நிஜ ஜன்னல், கம்பியோடு, பக்கத்திலிருக்கிற சின்னக் கதவு வழியாக உள்ளே போனால் ஒரு பலகை போட்டிருக்கிறார்கள், அதில் உட்கார்ந்து ஜன்னலில் முகத்தைக் காட்டினால் வெளியே நிற்கிறவர்களுக்கு நாமும் பஸ்ஸில் போகிற ஆள். நாலு சீனப் பெண்பிள்ளைகள் மாறி மாறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நீயும் பாப்பாவும் போய் உக்காருங்க, நான் எடுக்கிறேன் என்றார் அவர். எப்போதும் இதேதான், வந்ததிலிருந்து சேவல் பக்கத்தில் நாங்கள், பூனைக்குக் கீழே நாங்கள், ஒட்டுக்கடையில் நாங்கள், ஒரு படத்திலும் அவர் இல்லை, ஊருக்குப் போய்ப் பார்த்தால் நானும் இவளும் தனியாக மலேசியாவைச் சுற்றி வந்த மாதிரி இருக்கும். கதவுக்குள் இருட்டாக இருந்தது, இவள் வரமாட்டேன் என்று கால்களை என் இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். நீங்க போங்க மாமா என்றேன், வாய் தவறிவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் எதுக்குடி என்றார். போங்கன்னா போங்க, எனக்கு ஒரு படம் வேணும், நான் கேட்டு நீங்க என்னத்தைச் செஞ்சீங்க என்றேன், கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. போனார். அந்த முதுகு இருட்டுக்குள் போய் மறைந்தது.

கொஞ்ச நேரம் ஜன்னலில் யாரும் இல்லை. உள்ளே பலகை கிரீச்சிட்டது. நான் போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன், இடது இடுப்பில் இவள், வலது கையில் அது, லக்சாவில் கையைச் சரியாகத் துடைக்கவில்லை, வழுக்குகிறது. இவள் வழக்கம்போல் தலையைச் சாய்த்துப் போனுக்குள் எட்டிப் பார்த்தாள், அதில் சின்னதாக நீல பஸ், சின்னதாகக் கோழிக்காரர், காலி ஜன்னல். அப்போது அவர் முகம் வந்தது. கம்பிக்குப் பின்னால், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னல் கட்டையில் வைத்து, தாடையைக் கொஞ்சம் இறக்கி, கண்ணை நேரே என் கைக்கு அனுப்பி, சிரித்தார். அந்தச் சிரிப்பு. நாங்கள் வந்த பிறகு ஒருநாளும் அவர் எங்களைப் பார்த்து அப்படிச் சிரிக்கவில்லை, அது அவர் போனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. இவள் மூச்சை இழுத்தது என் காதுக்குள் கேட்டது. அப்பா என்றாள். போனுக்குத்தான் சொன்னாள். நான் அசையவில்லை. அப்பா பஸ்ல போறாரு என்றாள். என்ன செய்யட்டும், பேசவா வேண்டாமா, பேசினால் கெட்டுவிடும், பேசாவிட்டால் போனுக்கு முத்தம் கொடுத்து முடித்துவிடுவாள், ஒரு மோட்டார் சைக்கிள் வேறு சந்துக்குள் வருகிறது, போய்த் தொலையேன், தராசு எங்கேயோ கிரீச் என்கிறது, அவர் ஜன்னலில் அப்படியே உறைந்து உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கேட்டுவிட்டது, கேட்டதால் சிரிப்பை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை, எடுத்துவிடாதீங்க மாமா, எடுத்துவிடாதீங்க. நான் போனை மெல்ல, அடுப்பிலிருந்து பாலை இறக்குகிற மாதிரி, கீழே இறக்குகிறேன். இவள் கண் போனோடு கொஞ்ச தூரம் வருகிறது. நிற்கிறது. மேலே போகிறது. சுவரில் அதே நீலம், அதே கோழி, அதே ஜன்னல், பெரிதாக. ஜன்னலைப் பார்க்கிறாள். போனைப் பார்க்கிறாள், அதில் இப்போது என் செருப்பும் ஈரத்தரையும்தான் தெரிகிறது. மறுபடியும் ஜன்னலைப் பார்க்கிறாள். என் இடுப்பில் இறுகியிருந்த கால் தளர்கிறது, வழிந்து கீழே இறங்குகிறாள், நான் பிடிக்கவில்லை, போகிறாள். முதலில் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கிறாள், சுவர். கதவுப் படத்தைத் தட்டுகிறாள், சுவர். எம்பி, கம்பிக்கு வெளியே ஜன்னல் கட்டையில் கிடக்கிற அந்தக் கையைத் தொடுகிறாள், வெடுக்கென்று தன் கையை இழுத்துக்கொள்கிறாள், தன் விரலைப் பார்க்கிறாள். அவர் கையை நகர்த்தவே இல்லை. சுண்டு விரல் மட்டும் துடிக்கிறது, இங்கிருந்து எனக்குத் தெரிகிறது. இவள் மறுபடி எம்பி இந்தத் தடவை அந்தச் சுண்டு விரலைப் பிடிக்கிறாள், முழுக் கையாலும் பிடிக்கிறாள், கழுத்தை வளைத்து மேலே பார்க்கிறாள், கம்பி இடுக்கில் முகத்தை அழுத்திக் குனிந்த அவர் மோவாயிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுகிறது, புறங்கையால் அதைத் துடைத்துவிட்டு, அந்த விரலைப் பிடித்து ஒரு இழு இழுத்து, அவரைப் பார்த்தே சொல்கிறாள்:

"அப்பா, எறங்குப்பா. ஊரு வந்திருச்சு."